இஎம்ஐ ஏறவில்லை என்றால் வட்டியும் ஏறவில்லையா? (வீட்டுக் கடன் இழை)

7 மே 2023, மாலை 6.40 (ஒரு வாசகர் கேட்டது)

"2021ல வீட்டுக் கடன் எடுத்தேன். போன மே மாசத்துலேர்ந்து ரிசர்வ் வங்கி ஆறு தடவை வட்டி ஏத்தியாச்சு. என் இஎம்ஐ ஒரு ரூபா கூட ஏறல. அப்போ எங்க பேங்க்ல பழைய வட்டியையே வெச்சிருக்காங்கன்னுதானே அர்த்தம்? டிவியில ஏன் இவ்வளவு பதறுறாங்கன்னு புரியல."

7 மே 2023, இரவு 10.15

ஏறியிருக்கும். உங்கள் கணக்கில் இருந்து போகும் தொகை மாறவில்லை, அவ்வளவுதான். அந்தத் தொகைக்குள் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்பது மாறியிருக்கும். வங்கி ஆப்பில் கடன் கணக்கைத் திறந்து ஸ்டேட்மெண்ட் இறக்குங்கள். ஏப்ரல் வரியை மட்டும் பாருங்கள்.

நான் போன வாரம்தான் பார்த்தேன். 30 லட்சம், 20 வருஷம், 2021 ஆகஸ்டில் எடுத்தது. மாதம் 23,259 ரூபாய். முதல் தவணையில் வட்டி 17,500, அசல் 5,759. இந்த ஏப்ரல் தவணையில் வட்டி 23,135. அசலில் கழிந்தது 124 ரூபாய்.

124 என்று மூன்று இலக்கம்தான். நானும் ஒரு சைபர் விட்டுப்போச்சோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

8 மே 2023

நேற்று அவசரமாக எழுதிவிட்டேன். கணக்கை முழுசாகச் சொல்கிறேன். பலரும் "அது எப்படி" என்று கேட்டிருக்கிறீர்கள்.

2019 அக்டோபர் 1க்குப் பிறகு வங்கிகள் கொடுத்த ஃப்ளோட்டிங் (வட்டி மாறிக்கொண்டே இருக்கும்) வீட்டுக் கடன் எல்லாம் வெளியில் இருக்கும் ஓர் அளவுகோலோடு கட்டப்பட்டவை. பெரும்பாலும் அது ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி. அதன் மேல் வங்கி தன் பங்குக்கு ஒரு ஸ்பிரெட் வைக்கும். எனக்கு அப்போது ரெப்போ 4, ஸ்பிரெட் 3, மொத்தம் 7 சதவீதம். ஸ்பிரெட்டை நினைத்தபோது கூட்ட முடியாது. ரெப்போ மாறினால் மூன்று மாதத்துக்குள் நம் வட்டியும் மாறியாக வேண்டும். அதற்குத்தான் ரீசெட் என்று பெயர்.

என் ரீசெட் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில். 2022 மே 4 அன்று, கூட்டம் எதுவும் அறிவிக்கப்படாத ஒரு புதன்கிழமை மதியம், ரெப்போவை 4.40 ஆக்கினார்கள். ஜூனில் 4.90. ஜூலை 1 வந்ததும் என் வட்டி 7.9. செப்டம்பர் 30ல் ரெப்போ 5.90 ஆக, மறுநாளே என் ரீசெட், 8.9. ஜனவரியில் 9.25. ஏப்ரலில் 9.5.

இவ்வளவு நடந்தும் இஎம்ஐ அதே 23,259. ஏனென்றால் வட்டி ஏறும்போது தவணைக்காலத்தை நீட்டுவதுதான் வங்கியின் வழக்கம். கணக்கு பெரிய வித்தை இல்லை. மீதி அசல் 29,22,300. அதை 9.5 சதவீதத்தால் பெருக்கி 12ஆல் வகுத்தால் 23,135. அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். மிச்சம்தான் அசலுக்கு.

மாதம் 124 ரூபாயில் ஆரம்பித்து 29 லட்சத்தை அடைக்க எத்தனை நாள் ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். 663 மாதம். 55 வருஷம். என் மகளுக்கு இப்போது 9 வயது. இந்தக் கடன் இப்படியே போனால் முடியும்போது அவளுக்கு 64.

ஒரு குறுஞ்செய்தியாவது வந்ததா என்று தேடினேன். "உங்கள் வட்டி விகிதம் மாற்றப்பட்டுள்ளது" என்று நாலு செய்தி இருக்கிறது. தவணைக்காலம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

8 மே 2023, இரவு

அலுவலக நண்பர் இதைப் படித்துவிட்டுத் தன் ஸ்டேட்மெண்டை அனுப்பினார். அதே 30 லட்சம், அதே 7 சதவீதம், ஆனால் 2022 மார்ச்சில் எடுத்தது. ஏப்ரல் வட்டி 23,487. இஎம்ஐ 23,259. குறைகிற 228 ரூபாய் அசலில் ஏறியிருக்கிறது. மாதாமாதம் தவறாமல் கட்டுகிறார், கடன் வளர்கிறது. என் நிலைமை தேவலை என்று நினைக்க மனசு வரவில்லை. அவருக்குப் போன வாரம்தான் இரண்டாவது குழந்தை பிறந்தது.

9 மே 2023

"அமெரிக்காவில் 30 வருஷத்துக்கு ஒரே வட்டியாமே, இங்கே ஏன் இல்லை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

இங்கே வங்கி நமக்குக் கொடுக்கும் பணம் யாரோ ஒருவர் போட்ட டெபாசிட். அவர் ஒரு வருஷத்துக்கோ மூன்று வருஷத்துக்கோ போட்டிருப்பார். அதை நமக்கு 20 வருஷத்துக்குக் கொடுக்கிறார்கள். நடுவில் டெபாசிட் வட்டி ஏறினால் அந்த நஷ்டத்தை யார் சுமப்பது? ஃப்ளோட்டிங் என்றால் நாம். அமெரிக்காவில் ஃபேனி மே என்ற நிறுவனம் 1938லிருந்து, ஃப்ரெடி மேக் 1970லிருந்து இருக்கின்றன. வங்கிகள் கொடுத்த வீட்டுக் கடன்களை வாங்கி, கட்டுக்கட்டாகச் சேர்த்து, கடன் பத்திரமாக மாற்றி முதலீட்டாளர்களுக்கு விற்கிறார்கள். 30 வருஷம் காத்திருக்கத் தயாரான பென்ஷன் பணமும் இன்சூரன்ஸ் பணமும் அதில் போய் உட்காருகிறது. வட்டி ஏறும் ஆபத்து அவர்கள் தலையில்.

நம் ஊரில் வீட்டுக் கடனே சமீபத்திய சங்கதி. 1977ல் ஹஸ்முக்பாய் பரேக் எச்டிஎஃப்சியை ஆரம்பிக்கும்வரை தனியார் நிறுவனம் ஒன்று நடுத்தரக் குடும்பத்துக்கு வீடு கட்டக் கடன் கொடுக்கும் என்பதே புது யோசனை. தேசிய வீட்டுவசதி வங்கி வந்தது 1988ல். அதற்கு முன் பிஎஃப் பணம், மனைவியின் நகை, அலுவலகக் கடன், கூட்டுறவு வீட்டுவசதி சங்கம். என் அப்பா சங்கத்தில் வாங்கினார். அந்தக் கதை தனி.

15 மே 2023

இன்று கிளைக்குப் போய் வந்தேன். அரை நாள் லீவு.

கடன் பிரிவில் ஒரு தம்பி, முப்பது வயதிருக்கும். ஸ்டேட்மெண்டைக் காட்டினேன். "சார், டெனியூர் சிஸ்டத்துல தானா அட்ஜஸ்ட் ஆகிடும், நீங்க ஒர்ரி பண்ணாதீங்க" என்றார். டெனியூர் என்றால் தவணைக்காலம். எவ்வளவு அட்ஜஸ்ட் ஆகியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். மானிட்டரைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டு தட்டினார். அப்புறம் ஒன்றும் பேசாமல் மானிட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மீதித் தவணை என்ற இடத்தில் 663. அவரும் இதற்கு முன் பார்த்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவரைப் பார்க்க இன்னும் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன்: பழைய முடிவுத் தேதி மாறாமல் இருக்கும்படி இஎம்ஐயைக் கூட்டவும். 220 மாதம் பாக்கி, 9.5 சதவீதம், புதுத் தவணை 28,090. இரண்டாவது பிரதியில் முத்திரை வாங்கிக்கொண்டேன். நீங்களும் வாங்குங்கள்.

மாதம் 4,831 கூடுதல். மனைவியிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "இவ்ளோ நாளா நாம கட்டினது எங்க போச்சு?" 20 தவணை, 4 லட்சத்து 65 ஆயிரம் கட்டியிருக்கிறோம். அசலில் குறைந்தது 78 ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. அன்றிரவு ஒரு பழைய பள்ளி நோட்டில் தேதி, வட்டி, அசல் என்று மூன்று கட்டம் போட்டு முதல் வரியில் 124 என்று அவளே எழுதினாள்.

17 மே 2023

திருத்தம். 8ஆம் தேதி எழுதியதைப் படித்துவிட்டு என் மச்சான் ஃபோன் பண்ணிச் சண்டை போட்டார். "ரெப்போ ஏறினா மூணு மாசத்துல ஏறும்னு எழுதியிருக்கே, எனக்கு ஏறினது வேற மாதிரி இருக்கே" என்றார். அவர் சொல்வது சரி. நான் எழுதியது வங்கிகளுக்கு மட்டும். அவர் வாங்கியது வீட்டுவசதி நிதி நிறுவனத்தில். இவற்றுக்கு வெளி அளவுகோல் கட்டாயமில்லை. தங்களுடைய பிரைம் வட்டி என்று ஒன்றைத் தாங்களே நிர்ணயித்துக்கொள்வார்கள். ஏறும்போது வேகமாகவும் இறங்கும்போது நிதானமாகவும் அது நகரும் என்பது மச்சானின் பன்னிரண்டு வருஷ அனுபவம்.

அதேபோல 2019க்கு முன் வங்கியில் எடுத்து அப்படியே விட்டவர்கள் இன்னும் பழைய ஏற்பாட்டில் இருப்பார்கள். எல்லாம் வங்கி தானே கணக்குப் போட்டு வைக்கும் அடிப்படை வட்டிகள். முதலில் பிபிஎல்ஆர். 2010 ஜூலையில் பேஸ் ரேட். 2016 ஏப்ரலில் எம்சிஎல்ஆர். ஒவ்வொரு தடவையும் புது வாடிக்கையாளருக்குக் குறைந்த வட்டி கிடைக்கும், பழையவர் பழைய வண்டியிலேயே போவார். இதை ரிசர்வ் வங்கியின் உள் ஆய்வுக் குழு, ஜனக் ராஜ் தலைமையில், 2017ல் அலசி, வங்கிகள் தங்கள் வசதிக்கு ஏற்றபடி கணக்கை வளைக்கின்றன என்று சொன்ன பிறகுதான் வெளி அளவுகோல் வந்தது. நீங்கள் எந்த வண்டியில் இருக்கிறீர்கள் என்பது சாங்ஷன் கடிதத்தில் இருக்கும். எம்சிஎல்ஆரில் இருந்தால் ரெப்போவுக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். சின்னக் கட்டணம் இருக்கும்.

வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்ளவும் தடையில்லை. தனிநபரின் ஃப்ளோட்டிங் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கூடாது என்று வங்கிகளுக்கு 2012லேயே உத்தரவு. ஆனால் மாறும்போது புது வங்கியில் லீகல் ஃபீஸ், எம்.ஓ.டி. (பத்திரம் ஒப்படைத்ததற்கான குறிப்பாணை) செலவு எல்லாம் மறுபடி வரும். கால் சதவீத வித்தியாசத்துக்காக மாறுவதற்கு முன் பேப்பரில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

20 ஆகஸ்ட் 2023

வந்துவிட்டது! ரிசர்வ் வங்கியின் ஆகஸ்ட் 18 சுற்றறிக்கை. வட்டி மாறும்போது இஎம்ஐயைக் கூட்டவா, காலத்தை நீட்டவா, இரண்டும் கொஞ்சம் கொஞ்சமா என்று கடன் வாங்கியவரை வங்கி கேட்க வேண்டும். நிலையான வட்டிக்கு மாறவும் வழி கொடுக்க வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை அசல், வட்டி, மீதித் தவணை எல்லாம் புரியும்படி ஸ்டேட்மெண்ட் தர வேண்டும். காலத்தை நீட்டும்போது அசல் வளரும் நிலை வரவே கூடாது. பழைய கடன்களுக்கும் டிசம்பர் 31க்குள் அமலாக வேண்டும்.

228 ரூபாய் நண்பருக்கு உடனே அனுப்பினேன்.

16 செப்டம்பர் 2023

இந்த மாதமும் ஒரு நல்ல உத்தரவு. கடன் முழுசாக அடைந்த 30 நாளைக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தாமதம் வங்கியால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும். பத்திரம் தொலைந்தால் நகல் எடுக்கும் செலவும் வங்கியுடையது, அதற்குக் கூடுதலாக 30 நாள் அவகாசம். டிசம்பர் 1 முதல்.

இதைப் படித்ததும் அப்பா நினைவுதான்.

அப்பா 1989ல் கூட்டுறவு சங்கத்தில் கடன் வாங்கி வீடு கட்டினார். 2004ல் கடைசித் தவணை. ரசீது வாங்கின அன்று அரை கிலோ அல்வா வாங்கி வந்தார். பத்திரம் வரவில்லை. "செகரட்டரி லீவு." "ஆடிட் நடக்குது." "பீரோ சாவி அவர்ட்ட இருக்கு." சங்க அலுவலகம் இடம் மாறியது. சைக்கிளிலேயே எத்தனை தடவை போனார் என்று நான் எண்ணவில்லை. மூன்று வருஷம் கழித்து, 2007ல், ஒரு பழுப்புக் கவரில் கொடுத்தார்கள். முதல் பக்கத்தின் வலது மூலையைப் பூச்சி அரித்திருந்தது. முத்திரைத்தாளின் பாதி எண் போயிருந்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக விரலை வைத்து எண்ணினார். பதினோரு பக்கம். எல்லாம் இருந்தது. அப்புறம்தான் தண்ணீர் கேட்டார்.

அதோடும் முடியவில்லை. வில்லங்கச் சான்று போட்டால் அடமானம் இன்னும் இருப்பதாகவே வந்தது. சங்கம் ரசீது ஆவணம் எழுதிக் கொடுத்து, அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால்தான் வில்லங்கம் நீங்கும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அதற்கு இன்னும் ஏழு மாதம்.

17 செப்டம்பர் 2023

எம்.ஓ.டி. என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

அப்பா காலத்தில் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தது முறையான அடமானப் பத்திரம். இப்போது வங்கிகள் கேட்பது பத்திர ஒப்படைப்பு. வீட்டின் அசல் பத்திரங்களைக் கடனுக்கு ஈடாக ஒப்படைத்தாலே அடமானம் ஆகிவிடும். 1882ஆம் வருஷச் சொத்து மாற்றச் சட்டத்தின் 58ஆம் பிரிவில் இருக்கிறது. அந்தச் சட்டம் இதற்கென்று பெயர் சொல்லி வைத்த ஊர்கள் கல்கத்தா, மதராஸ், பம்பாய். மற்ற ஊர்களை அரசு அறிவிக்க வேண்டும். நிலம் எங்கே இருந்தாலும் சரி, பத்திரத்தைக் கையில் கொடுப்பது அறிவிக்கப்பட்ட ஊரில் நடக்க வேண்டும். மதராஸ் வியாபாரிகளின் பழக்கம் இன்று நம் வீட்டுக் கதவு வரை வந்திருக்கிறது என்று எனக்கு அதில் ஒரு வியப்பு.

அப்படி ஒப்படைத்ததைக் குறித்து எழுதும் குறிப்பாணைதான் எம்.ஓ.டி. தமிழ்நாட்டில் இதைப் பதிவு செய்தாக வேண்டும். முத்திரைக் கட்டணம் கடன் தொகையில் அரை சதவீதம், அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. கடன் முடிந்ததும் வங்கி அதிகாரி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து ரசீது ஆவணம் பதிந்து தர வேண்டும். "எம்.ஓ.டி. கேன்சல்" என்று சொல்வது இதைத்தான். பத்திரம் கைக்கு வந்தது என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். ஒரு மாதம் கழித்து வில்லங்கம் போட்டு, அந்த ரசீது ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

2 மார்ச் 2024

திருச்சியில் 60 லட்சத்துக்கு ஒரு பழைய தனி வீடு பார்த்திருக்கும் தங்கை, கையில் எவ்வளவு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கையில் 10 லட்சம் இருக்கிறதாம்.

போதாதும்மா. 30 லட்சம் வரையான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை கிடைக்கும். 30க்கு மேல் 75 லட்சம் வரை 80. அதற்கும் மேல் 75. உங்களுக்கு அதிகபட்சம் 48 லட்சம். 12 லட்சம் நீங்கள் போட வேண்டும். பதிவுச் செலவு 9 சதவீதம், 5 லட்சத்து 40 ஆயிரம். அதை வீட்டு விலையில் சேர்த்துக் கடன் கணக்குப் போட மாட்டார்கள். ஆக 17 லட்சத்து 40 ஆயிரம், எம்.ஓ.டி., லீகல், வால்யுவேஷன் எல்லாம் தனி. இதுவும் உங்கள் சம்பளமும் சிபில் ஸ்கோரும் (பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினீர்களா என்பதற்கான மதிப்பெண்) 48 லட்சத்துக்குத் தாங்கினால்தான்.

விற்பவர் "பத்திரத்தில் 40 போட்டுக்கலாம்" என்கிறாராம். உங்களுக்குப் பதிவில் 1 லட்சத்து 80 ஆயிரம் மிச்சமாவது போலத் தெரியும். ஆனால் வங்கி 40 லட்சத்துக்குத்தான் கணக்குப் போடும். 80 சதவீதம் என்றால் 32. மீதி 28 லட்சம் நீங்கள் புரட்ட வேண்டும், அதில் 20 லட்சம் ரொக்கமாக. சொத்துப் பேரத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதையே வருமானவரிச் சட்டம் தடுக்கிறது. நாளை நீங்கள் விற்கும்போது அந்த 20 லட்சம் உங்கள் லாபமாகக் கணக்கில் வரும். தயவுசெய்து வேண்டாம். வேறு வீடு பாருங்கள்.

தாய்ப்பத்திரத்தில் இருந்து 30 வருஷத் தொடர்ச்சி இருக்கிறதா என்று வங்கி வக்கீல் பார்ப்பார். அவர் பார்ப்பது வங்கிக்காக. உங்களுக்கென்று ஒரு வக்கீலிடம் தனியாகக் காட்டுங்கள்.

இன்னொன்று. கையெழுத்துப் போடும் நாளில் நாற்பது, ஐம்பது தாள் நீட்டுவார்கள். எனக்கு நீட்டிய தாள்கட்டின் நடுவில் 86,000 ரூபாய் இன்சூரன்ஸ் விண்ணப்பம் இருந்தது, என் பெயர் ஏற்கெனவே டைப் அடித்து. கட்டாயமா என்று கேட்டேன். "எல்லாரும் போடுவாங்க சார்" என்றார்கள். கட்டாயம் இல்லை. கடனுக்குப் பாதுகாப்பு வேண்டும்தான், நான் இல்லாமல் போனால் என் மனைவி தலையில் இது விழக்கூடாது. அதனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாமல், வெளியில் சாதாரண டெர்ம் பாலிசி எடுத்தேன்.

3 மார்ச் 2024

வீடு கட்டுகிறவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள், எங்களைப் பற்றி எழுதவில்லை என்று. உங்களுக்குப் பணம் மொத்தமாக வராது. பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப், பூச்சு என்று கட்டம் கட்டமாக வரும். ஒவ்வொன்றுக்கும் இன்ஜினியர் வந்து பார்க்க வேண்டும். கொடுத்த தொகைக்கு மட்டும் வட்டி கட்டிக்கொண்டு வருவீர்கள், அசல் குறையாது. கொத்தனாருக்குச் சனிக்கிழமை கூலி, வங்கிப் பணம் புதன்கிழமை. அந்த இடைவெளிக்கு இரண்டு மாதக் கூலியைத் தனியாக வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள்.

9 நவம்பர் 2024

ஒருவர் தனிச்செய்தியில் எழுதியிருக்கிறார். வேலை போய்விட்டது, நாலு தவணை நின்றுவிட்டது, வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டுவோம் என்கிறார்கள். பெயர் சொல்லவில்லை. அவருக்காக இங்கே எழுதுகிறேன், வேறு யாருக்காவதும் உதவும்.

தவணை 90 நாள் நிலுவையானால் வாராக்கடன். அதன்பின் 2002ஆம் வருஷ சர்ஃபாசி சட்டப்படி நீதிமன்றம் போகாமலேயே வங்கி நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் ஒரே நாளில் இல்லை. முதலில் 60 நாள் நோட்டீஸ். அதற்கு நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் சொன்னால் 15 நாளில் வங்கி எழுத்தில் பதில் தர வேண்டும். 60 நாள் கழித்துத்தான் வீட்டைச் சுவாதீனம் எடுக்கும் நடவடிக்கை. அதை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னை, மதுரை, கோவையில் இருக்கிறது. ஏல அறிவிப்பு வெளிவருவதற்கு முன் முழு நிலுவையையும் கட்டினால் வீட்டை மீட்கலாம். வெளிவந்தபின் ரொம்பக் கஷ்டம்.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் ஃபோன் பண்ணக்கூடாது. உறவினரிடம் சொல்லி அவமானப்படுத்தக்கூடாது. செய்தால் தேதி, நேரம் குறித்து வைத்து வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு, கட்டணம் கிடையாது. 14448க்குக் கூப்பிட்டால் எப்படி எழுதுவது என்று சொல்வார்கள்.

வீட்டை விட்டுக்கொடுத்தால் கடன் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். ஏலத்தில் குறைவாகப் போனால் மீதிக்கு நீங்கள்தான் பொறுப்பு. அதனால் ஏலம் வருமுன் நீங்களே விற்க முடிந்தால், வங்கியிடம் சொல்லியே விற்கலாம். விலை நன்றாக வரும். முதலில் நாளைக்குக் கிளைக்குப் போங்கள். ஃபோனை எடுக்காமல் இருக்காதீர்கள், அது ஒன்றுதான் நிலைமையை மோசமாக்கும். தெரிந்தவர் யாரையாவது கூட அழைத்துப் போங்கள். மதுரைப் பக்கம் என்றால் நான் வருகிறேன்.

7 ஜூன் 2025

நேற்று ரெப்போ 5.50. பிப்ரவரியில் 6.25, ஏப்ரலில் 6, இப்போது ஒரேயடியாக அரை சதவீதம். இழையில் வாழ்த்துகள் குவிகின்றன. ஜூலை 1ல் எனக்கு 8.5 ஆக வேண்டும்.

இஎம்ஐயைக் குறைக்கச் சொல்லாதீர்கள், முடிந்தால். ஏறும்போது தாங்கியதை இறங்கும்போதும் கட்டுங்கள். நான் 28,090லேயே இருக்கிறேன். கையில் நெருக்கடி உள்ளவர்கள் குறைத்துக்கொள்ளுங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் எது வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுங்கள், சிஸ்டம் முடிவு செய்யும்படி விடாதீர்கள்.

12 அக்டோபர் 2025

2023 ஆகஸ்டில் நான் எழுதியதில் ஒரு திருத்தம். நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பைக் கட்டாயம் தர வேண்டும் என்று எழுதியிருந்தேன். இந்த அக்டோபர் 1 முதல் அது வங்கியின் விருப்பம். அதே உத்தரவில் நமக்கு நல்லதும் ஒன்று இருக்கிறது. ஸ்பிரெட்டின் சில பகுதிகளை முன்பு போல மூன்று வருஷம் காத்திருக்காமலே வங்கி குறைத்துக் கொடுக்கலாம். புது வாடிக்கையாளருக்கு இன்றைக்கு என்ன ஸ்பிரெட் என்று அவர்கள் இணையதளத்தில் பாருங்கள். உங்களுடையது அதைவிட அதிகம் என்றால் கடிதம் கொடுங்கள். நான் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை.

11 ஜனவரி 2026

டிசம்பரில் ரெப்போ 5.25. எனக்கு இந்த மாதம் 8.25. ஜனவரி ஸ்டேட்மெண்ட்: வட்டி 18,745, அசல் 9,345. மீதித் தவணை 161. பழைய கணக்குப்படி 188 இருந்திருக்க வேண்டும். 27 மாதம் குறைந்திருக்கிறது. நோட்டில் இது மூன்றாவது பக்கம், இப்போது மகள்தான் எழுதுகிறாள்.

228 ரூபாய் நண்பரும் இஎம்ஐயைக் கூட்டிவிட்டார். 2024 நவம்பரில் தனிச்செய்தி அனுப்பியவர் வீட்டை அவரே விற்றுக் கடனை அடைத்துவிட்டாராம். பத்திரம் 30 நாளுக்குள் வாங்குபவர் கைக்குப் போய்விட்டதாம். இப்போது வாடகை வீட்டில், புது வேலையில் இருக்கிறார்.

இழையை ஆரம்பித்தவர் நேற்று கேட்டிருக்கிறார்: கடன் முடியும்போது வங்கி கொடுக்கும் கடிதமே போதாதா, ரசீது ஆவணம் எதற்கு என்று. போதாது. 2023 செப்டம்பர் 17 குறிப்பைப் பாருங்கள். ஸ்பிரெட் கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை, நாளைக்குக் குறைதீர்ப்பாளருக்கு எழுதுகிறேன். அடுத்த ரீசெட் ஏப்ரல் 1.